ஒருத்தி காய்னா எல்லாரும் காய்

நீங்கதானே மதிவதனி அம்மா? நான் சஷ்டிகா அம்மாங்க. ஆறாம் வகுப்பு. உங்க பாப்பாவும் என் பொண்ணும் ஒரே கிளாஸ். ஸ்கூல் வாசல்ல உங்களைப் பாத்திருக்கேன், நீங்க என்னைக் கவனிச்சிருக்க மாட்டீங்க. உங்க வீட்டுக்காரருக்கு ஈ.பி.யில மாத்தலாகி வந்திருக்கீங்களாமே. திருச்செங்கோடு பிடிச்சிருக்குங்களா? வெயில்தான் கொஞ்சம் கூட. மத்தபடி ஆளுக தங்கமான ஆளுக.

தண்ணி போதுங்க. காப்பியெல்லாம் வேண்டாம். இந்தாங்க, தேங்காய் பர்பி. வீட்ல செஞ்சது. பாப்பாவுக்குக் குடுங்க.

சஷ்டிகாவா? வெளிய கேட் பக்கத்துல ஸ்கூட்டிகிட்ட நிக்கறா. நிக்கட்டுங்க. கொஞ்ச நேரம் வெயில்ல நின்னா ஒண்ணும் கரைஞ்சு போயிட மாட்டா. பெரியவங்க பேசறப்ப பிள்ளைக நடுவுல இருக்கக் கூடாது, நான் அதுல ரொம்பக் கண்டிப்பு. நாம பேசி முடிச்சதும் கூப்பிடறேன். வந்து அழகா வணக்கம் சொல்லுவா. வாயில வரலேன்னாலும் கையாவது கூப்புவா.

உள்ள சிரிக்கறது உங்க பாப்பாவா? ரெண்டு குரல் கேக்குதே. சினேகிதி வந்திருக்காளா? பாருங்க, ஊருக்கு வந்த கொஞ்ச நாள்ல வீட்டுக்கு வர்ற அளவுக்கு சினேகிதி! அதுதாங்க வேணும். அந்த இன்னொரு பிள்ளை என்னமா சிரிக்குது! மனசுல கள்ளம் இல்லாத பிள்ளைதான் அப்படிச் சிரிக்கும். நான் சிரிப்பை வெச்சே பிள்ளையை எடை போட்டிருவேன்.

இருங்க, நான் சொல்ல வந்ததைச் சொல்லிடறேன். அப்புறம் நீங்க சொல்லுங்க.

ஏற்காட்டுக்கு டூர் போறாங்கல்ல. பஸ்ல யார் பக்கத்துல யாருன்னு நாளைக்குக் காலையில மிஸ்கிட்ட சொல்லணும். ஜோடி இல்லாத பிள்ளை முன்னாடி, டிரைவருக்குப் பின்னாடி சீட்டுல, மிஸ்ஸோட கூடை, மருந்துப் பெட்டி, வாந்தி எடுக்கற கவர் இதுகளோட உக்காரணும். அப்படி உக்காந்துட்டுப் போற பிள்ளையை மத்த பிள்ளைக வருஷம் பூரா மறக்காதுக. போன வருஷம் ஒருத்தி அப்படிப் போனா. அதை அப்புறம் சொல்றேன். என் சஷ்டி அந்த சீட்டுல உக்காரக் கூடாது. உங்க மதிவதனி பக்கத்துல உக்காரட்டும். இதைக் கேக்கத்தான் வந்தேன். 

ஏன் வேற யாரும் இல்லையான்னு நீங்க கேக்கறீங்க. நியாயமான கேள்விதான். அதுக்கு முதல்லேருந்து சொல்லணும்.

பொம்பளைப் பிள்ளைக சினேகம் இருக்கே, அதுல பெத்தவங்க கை வெக்கணுங்க. தானா வளரட்டும்னு விட்டா களைதான் மண்டும். என் வீட்டுக்காரர் சொல்லுவார், "சின்னப் பிள்ளைக விவகாரத்துல உனக்கென்ன கோமளா வேலை"ன்னு. அவருக்கென்ன, போர்வெல் வண்டியோட ராஜஸ்தானுக்குப் போயிட்டா வந்து சேர மாசக்கணக்காகும். நாந்தானே பாக்கணும்?

சஷ்டிக்கு எல்.கே.ஜி.யிலேருந்து ஒரே ஒரு சினேகிதி. எழிலரசின்னு பேரு. நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. வேன்ல ஒரு ஆயா வருமே, பிள்ளைகளைத் தூக்கி எறக்கி விடுமே, அதோட பொண்ணு. ஆயா பொண்ணுங்கறதால அந்த ஸ்கூல்ல இடம் குடுத்திருக்காங்க. நான் அதையெல்லாம் பாக்கற ஆளு இல்லைங்க. எங்க வீட்ல எல்லாருக்கும் ஒரே மாதிரி டம்ளர்தான். அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஸ்டீல் டம்ளர் வெச்சிருந்தேன், அது வேற, கீழ போட்டாலும் உடையாதுன்னு.

ரெண்டும் ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்பிடும். ஒரே குடையில வரும். சரி, சின்னதுகதானேன்னு விட்டேன். ஆனா ஒரு விஷயம் எனக்கு உறுத்திட்டே இருந்துச்சு. உங்ககிட்ட சொன்னா என்ன, நீங்களும் ஒரு தாய். 

என் பொண்ணுக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும். "அம்மா"ன்னு கூப்பிட வந்தா அந்த "அ"விலயே நின்னுரும். முகம் செவந்துரும். நானும் எத்தனையோ செஞ்சு பாத்துட்டேன். சரியா சொல்ற வரைக்கும் சோறு போடாம இருந்து பாத்தேன், விருந்தாளிங்க முன்னாடி நிக்க வெச்சு சொல்ல வெச்சுப் பாத்தேன். என்ன செஞ்சாலும் திக்கறது நிக்கலை. அப்படிப்பட்டவ, அந்த எழில்கிட்ட மட்டும் திக்க மாட்டா. கடகடன்னு பேசுவா. மாடிப்படியில உக்காந்துட்டு ரெண்டும் பேசறதைக் கேட்டா இது என் பொண்ணுதானான்னு இருக்கும். நான் ஒரு எட்டு மேல வெச்சதும் நின்னுரும். 

பெத்தவகிட்ட திக்கறவ, ஆயா மககிட்ட திக்காம பேசறா. எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்களே சொல்லுங்க. இல்ல, இருங்க, நானே சொல்லிடறேன்.

போன வருஷம் ஸ்கூல்ல ஒரு கூட்டம் போட்டாங்க. பொம்பளைப் பிள்ளைகளும் பள்ளிக்கூட சினேகமும்னு பேச்சு. கோயமுத்தூர்லேருந்து ஒரு டாக்டர் மேடம் வந்திருந்தாங்க. அருமையா பேசினாங்க. உங்க பிள்ளை யாரோட பழகுதுன்னு கவனிங்க, சினேகிதிகளை வீட்டுக்குக் கூப்பிடுங்க, ஒரே ஒருத்தியையே ஒட்டிட்டு இருக்கறது அவ்வளவு நல்லதில்லை, நாலு பேர்கிட்டப் பழகட்டும்னாங்க. எனக்குன்னே சொன்ன மாதிரி இருந்துச்சு. அப்புறம் "ஆனா"ன்னு ஆரம்பிச்சாங்க. அந்த ஆனாவுக்குப் பின்னாடி என்ன சொன்னாங்கன்னு தெரியலைங்க. பக்கத்துல லக்ஷிதா அம்மா புதுசா எடுத்த காஞ்சிபுரம் சேலையைப் போன்ல காட்டிட்டிருந்தாங்க. 

லக்ஷிதா யாருன்னு தெரியுமில்ல? கிளாஸ் லீடர். உயரமா, ரெட்டைப் பின்னல். அவ அப்பாவுக்குச் சொந்தமா பஸ்ஸுங்க ஓடுது. அவளும் அவளோட சேர்ந்த பிள்ளைகளும் எப்பவும் ஒரு கூட்டமா இருப்பாங்க. என்ன ஒரு ஒழுங்கு! சஷ்டி அந்தக் கூட்டத்துல சேரட்டும்னு முடிவு பண்ணினேன். மேடம் சொன்ன மாதிரியே, வீட்டுக்குக் கூப்பிட்டேன். ஆவணியில சஷ்டி பிறந்தநாள் வந்துச்சு. கேக்கு, பலூன், எல்லாம் போட்டேன். எழிலையும் கூப்பிட்டேங்க! கூப்பிடலைன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது பாருங்க. வந்தவ மத்த பிள்ளைக நடுவுல சும்மா நிக்கறாளேன்னு, "தட்டு எடுத்துக் குடு கண்ணு"ன்னேன். பழகின கை. அழகா எடுத்துக் குடுத்தா.

அந்தப் பிள்ளைக்கு ஒரு வித்தை உண்டு. யார் மாதிரி வேணும்னாலும் பேசுவா. ஸ்கூல் பெரிய மிஸ், வாட்ச்மேன், காய்கறி வண்டிக்காரர், கண்ணை மூடிட்டுக் கேட்டா அவங்களேதான். அன்னைக்குப் பிள்ளைக எல்லாம் சுத்தி உக்காந்து, "இவங்களைப் பண்ணு, அவங்களைப் பண்ணு"ன்னு கேக்குதுக. இவ பண்றா. ஒரே சிரிப்பு. சஷ்டி கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிக்கறா. 

அப்ப லக்ஷிதா சொன்னா, "ஏய் எழில், இப்ப சஷ்டி மாதிரி பேசு."

எழில் மாட்டேன்னா.

"ஏன்டி, தெரியாதா?"

"தெரியும். பண்ண மாட்டேன்."

"பர்த்டே பாப்பாவைப் பண்ணலைன்னா எப்படி? சும்மா ஜாலிக்குத்தானே!"

"பண்ண மாட்டேன்னா மாட்டேன். வேணும்னா உன்னைப் பண்றேன்."

லக்ஷிதா முகம் சுருங்கிப் போச்சு. வீட்டுக்கு வந்த பிள்ளை. எனக்கு சங்கடமாப் போச்சுங்க. நான் சஷ்டியை சமையலறைக்குள்ள கூட்டிட்டுப் போனேன். "பாத்தியா, அவ ஏன் மாட்டேன்னா தெரியுமா?"ன்னு கேட்டேன். அவ முழிக்கறா. "உன் முன்னாடி செய்ய மாட்டேங்கறான்னா உனக்குப் பின்னாடி செய்யறான்னு அர்த்தம். தெரியும்னு அவளே சொன்னாளே. செஞ்சு பாக்காம எப்படித் தெரியும்?" யோசிச்சுப் பாருங்க, எவ்வளவு சரியான கேள்வி! சஷ்டி தலையை ஆட்டிட்டே இருந்தா, இல்லை இல்லைன்னு. "அப்ப நிரூபிக்கச் சொல்லு"ன்னேன். 

உங்க ஊர்ப் பக்கமும் பிள்ளைக காய், பழம் விடுமில்ல? இங்க சுண்டு விரலைக் காட்டினா காய், பேச்சு இல்லை. ரெண்டு விரலைச் சேத்து நீட்டினா பழம், ராசி. ஆனா பாருங்க, இதுகளுக்கு அதுல ஒரு ஒழுங்கும் கிடையாது. காலையில காய், மத்தியானம் பழம். அதனால நான் பிள்ளைகளை எல்லாம் உக்கார வெச்சு ஒரு சட்டம் சொல்லிக் குடுத்தேன். "நல்ல சினேகிதிங்கன்னா ஒத்துமையா இருக்கணும். உங்க கூட்டத்துல ஒருத்தி ஒருத்திக்குக் காய்னா எல்லாரும் அவளுக்குக் காய். யாரும் தனியாப் போய்ப் பழம் விடக் கூடாது. விட்டா, விட்டவளுக்கும் காய்." லக்ஷிதாவுக்கு ரொம்பப் பிடிச்சிருச்சு. "சூப்பர் ஆன்ட்டி"ன்னா. 

அப்புறம் சஷ்டியை எழில் முன்னாடி நிறுத்தினேன். "காட்டு"ன்னேன். கையை மூடி வெச்சிருக்கா. பிடிவாதம்! அப்படியே அப்பனைக் கொண்டிருக்கா. நாந்தான் கையைப் பிடிச்சு, சுண்டு விரலை மட்டும் மெல்லப் பிரிச்சு எடுத்து விட்டேன். எடுத்து விட்டதும் மத்த பிள்ளைக எல்லாம் காட்டிருச்சுக. ஆளுக்கொரு சுண்டு விரல், வட்டமா. பாக்கவே அழகா இருந்துச்சு, போட்டோ எடுத்திருக்கலாம்.

எழில் என்ன பண்ணினா தெரியுமா? அழலைங்க. கையில இருந்த தட்டை மேசையில வெச்சா. "கேக்கு நல்லா இருந்துச்சு ஆன்ட்டி"ன்னா. போயிட்டா. கல்நெஞ்சு!

உள்ள பெரிய மிஸ் குரல் மாதிரி கேக்குதே, டிவியா? பிள்ளைகளை ரொம்ப டிவி பாக்க விடாதீங்க. இருங்க இருங்க, முடிச்சிடறேன்.

அந்த வருஷம் பூரா எங்க பிள்ளைக கட்டுப்பாடு மாறலை. மத்தியானம் சாப்பாடு குடுக்க நான்தான் போவேன். கேட்ல நின்னு பாப்பேன். தண்ணிக் குழாய் பக்கத்துல ஒரு படி இருக்கு பாருங்க, எழில் அதுல தனியா உக்காந்து சாப்பிடுவா. அதுலயும் ஒரு திமிர். நடுவுல உக்கார மாட்டா. ஒரு ஓரமா ஒண்டி உக்காந்து, பாதிப் படியைக் காலியா விட்டு வெப்பா. யாரோ வரப் போற மாதிரி. எங்க சஷ்டி லக்ஷிதா கூட்டத்தோட வேப்பமரத்தடியில உக்காந்துட்டு அந்தக் காலி இடத்தையே பாத்துட்டிருப்பா. டிபன்ல பாதி திரும்பி வரும். கொஞ்சம் ஒல்லியானா. பொம்பளைப் பிள்ளைக்கு ஒல்லி அழகுதானுங்க. 

அவ அம்மா ஒரு நாள் வேனை விட்டு எறங்கி எங்கிட்ட வந்துச்சு. "ஏனுங்கம்மா, பிள்ளைக ரெண்டும் பேசறதில்லையாமே. எம்புள்ள என்ன தப்பு பண்ணுச்சுன்னு சொன்னீங்கன்னா திருத்திக்கச் சொல்லிருவேன்."

"பிள்ளைக விவகாரத்துல நாம தலையிடக் கூடாதுங்க ஆயா"ன்னேன். 

"இல்லீங்கம்மா, ராத்திரியில தூக்கத்துல பேசுது. சஷ்டி பேரைச் சொல்லுது."

"வேன்ல பிள்ளைகளைப் பத்திரமா எறக்கி விடறதுதான் உங்க வேலை. அதைப் பாருங்க"ன்னேன். நான் கோவமாச் சொல்லலைங்க, சிரிச்சுட்டேதான் சொன்னேன். அதுக்கு அடுத்த நாளும் அந்தம்மா சஷ்டியை எறக்கி விட்டு, பின்னால தூக்கின பாவாடையைச் சரி பண்ணி விட்டுட்டுத்தான் போச்சு. மானம் ரோசம் இருக்கறவங்க செய்வாங்களா?

டூர்ல முன்னாடி சீட்டுல வாந்திக் கவரோட போனது யாருன்னு இப்பப் புரியுதா? அவளேதான்.

பலன் என்னன்னு கேளுங்க. என் பொண்ணுக்குத் திக்கறது நின்னு போச்சு! சத்தியமாங்க. எங்கிட்ட இத்தனை மாசமா ஒரு தடவை கூடத் திக்கலை. நான் லக்ஷிதா அம்மாகிட்ட சொல்லி சொல்லி சந்தோஷப்பட்டேன். கிளாஸ் மிஸ் ஒருத்தி இருக்காளே, எதுக்கெடுத்தாலும் குறை. "மேடம், சஷ்டிகா வாயே திறக்கறதில்லை, வருகைப் பதிவுக்குக் கூட கையைத் தூக்கறா, ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க"ன்னா. அடக்கமா இருந்தா அதுவும் தப்பு!

உள்ள சத்தம் நின்னு போச்சே. தூங்கிட்டாங்களா? 

சரி, இந்த வருஷக் கதைக்கு வர்றேன். ஜூன் மாசம், பிரேயர்ல சஷ்டி ஒரு திருக்குறள் சொல்லணும். கிளாஸ்ல ஒவ்வொருத்தரா முறை வருதில்ல. மேடையில ஏறி நின்னா. "அ"ன்னு ஆரம்பிச்சா. அங்கயே நின்னுட்டா. மொத்த ஸ்கூலும் பாக்குது. மிஸ் வந்து கீழ கூட்டிட்டுப் போயிட்டாங்க. அது போகட்டும். கிளாஸுக்கு வந்ததும் லக்ஷிதா அதை அப்படியே பண்ணிக் காட்டியிருக்கா. முகத்தைக் கோணிட்டு, "அ... அ... அ..."ன்னு. விளையாட்டுப் பிள்ளை. எல்லாரும் சிரிச்சிருக்காங்க. இவ போய் எழுந்து நின்னிருக்கா, எழில். "நிறுத்துடி, உனக்குப் பண்ணவே தெரியலை"ன்னாளாம். 

அதோட விட்டா பரவாயில்லை. என் பொண்ணு திரும்பி எழிலைப் பாத்து சிரிச்சாளாம். 

அவ்வளவுதான். சிரிச்சா. லக்ஷிதா பாத்துட்டா. காய்காரியைப் பாத்துச் சிரிச்சா பழம் விட்ட மாதிரிதானே? எல்லாரும் சுண்டு விரலைக் காட்டிட்டாங்க. இந்தத் தடவை சஷ்டிக்கு.

நான் லக்ஷிதாவுக்கு போன் போட்டேன். "என்ன கண்ணு, சஷ்டிகிட்ட இப்படிப் பண்ணலாமா?"

"நாங்க ஒண்ணும் பண்ணலை ஆன்ட்டி. சட்டம்தானே."

"அது சும்மா விளையாட்டுக்குச் சொன்னது சாமி."

"அதெப்படி ஆன்ட்டி? ஒருத்தி காய்னா எல்லாரும் காய். நீங்கதானே சொன்னீங்க? எழிலுக்கு ஒரு சட்டம், சஷ்டிக்கு ஒரு சட்டமா?"

எவ்வளவு தெளிவு பாருங்க அந்த வயசுல! எனக்குக் கோவமே வரலை. வளர்ப்பு அப்படி. தப்பு யார் மேலங்கறீங்க? எழில் மேல. எந்திரிச்சு நின்னு பேசாம வாயை மூடிட்டு இருந்திருந்தா இவ சிரிச்சிருப்பாளா? இவளைக் கெடுக்கணும்னே காத்திருந்து பண்ணிட்டா.

இப்ப சஷ்டி டிபனை எடுத்துட்டு கிளாஸ்லயே உக்காந்துக்கறா. யாரும் இல்லாத கிளாஸ்ல. அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். உங்க மதிவதனி புதுசு, யாருக்கும் காய் இல்லை, யாருக்கும் பழம் இல்லை. கையெழுத்து முத்து முத்தா இருக்காம். அவ கொஞ்ச நாளா அந்த எழில்கூட பேசறான்னு மட்டும் காதுல விழுந்துச்சு. தெரியாம செஞ்சது, நான் தப்பா நினைக்கலை. ஆனா ஒரு அக்கா மாதிரி சொல்றேன், உடனே வெட்டி விட்ருங்க. எப்படி வெட்டறதுன்னு வேணும்னா நான் சொல்லித் தர்றேன். முதல்ல சங்கடமாத்தான் இருக்கும். பிள்ளை கையை நாம பிடிச்சுக்கணும், அவ்வளவுதான்.

யாருங்க அது வெளிய? கேட் பக்கத்துல பேச்சுச் சத்தம். ஒரு குரல் அந்தச் சிரிச்ச பிள்ளையோடது. பின்வாசல் வழியா வெளிய போயிட்டாளா? இன்னொண்ணு உங்க பாப்பாதானே? என்னமா பேசறா! மூச்சு விடாம, கணீர்னு! கேக்கவே ஆசையா இருக்கு. இந்த மாதிரி ஒரு பிள்ளை பக்கத்துல உக்காந்தா என் பொண்ணுக்கும் நாலு வார்த்தை வராதுங்களா? எனக்கு ஒரே ஒரு பொண்ணுங்க. அவ நல்லா இருக்கணும்னுதானே இந்த வெயில்ல ஏறி எறங்கிட்டு இருக்கேன்.

என்னது? உங்க பாப்பா இதோ கதவுகிட்ட நிக்கறாளா? ஆமா. வா சாமி, வா. ஏன் அப்படிப் பாக்கறே? அப்ப வெளிய பேசறது யாரு?

எழிலா? 

இத்தனை நேரம் உள்ள சிரிச்சுட்டிருந்தது எழிலா? என்னங்க இது, வந்ததுமே சொல்லியிருக்கலாமில்ல? நான் எங்க உங்களைப் பேச விடலை? நல்லா இருக்கே நீங்க சொல்றது! 

சரி, அவ இருக்கட்டும். அவகிட்டப் பேசறது யாரு? அந்தக் கணீர் குரல்?

போங்க, விளையாடாதீங்க. என் பொண்ணு குரல் எனக்குத் தெரியாதா?

என்ன சாமி சொல்றே? மெதுவாச் சொல்லு. மூணு பேர் சீட்டா? நீ, எழில், சஷ்டி மூணு பேரா? வெள்ளிக்கிழமையே மிஸ்கிட்ட சொல்லிட்டீங்களா? ஜன்னல் ஓரம் சஷ்டிக்கா? யாரு விட்டுக் குடுத்தது? எழிலா? "சஷ்டிக்குக் காத்து வேணும், இல்லைன்னா தலை சுத்தும்"னாளா? அவளுக்கு எப்படித் தெரியும் என் பொண்ணுக்குத் தலை சுத்தும்னு? வெள்ளிக்கிழமையே இவகிட்டயும் சொன்னீங்களா? வீட்ல வந்து ஒரு வார்த்தை சொல்லலையே இந்தக் கழுதை! 

இல்லைங்க, நான் உக்காரலை. உங்க நல்ல மனசு உங்களோட இருக்கட்டும். என் பொண்ணு முன்னாடி சீட்டுல வாந்திக் கவரோட போனாலும் போவா, ஆயா மக பாத்துப் போட்ட இடத்துல உக்காந்து போக மாட்டா. டூரே வேண்டாம். காய்ச்சல்னு சொல்லிக்கறேன். நீங்க வர வேண்டாம், நானே போய்க்கறேன். பர்பி இருக்கட்டும், குடுத்ததைத் திருப்பி எடுக்கற பழக்கம் எங்களுக்கு இல்லை. 

சஷ்டி! ஏய் சஷ்டி! இங்க வா. கேட்டுக்கு இந்தப் பக்கம் வா. 

பாருங்க, பாருங்க. பின்னாடியே வந்துட்டீங்கள்ல, நீங்களே பாருங்க. ரெண்டு விரலையும் சேத்து நீட்டிட்டு நிக்கறா. அவளும் நீட்டிட்டு நிக்கறா. நடுரோட்டுல. மடக்குடி கையை. மடக்குன்னு சொல்றேன்ல? எத்தனை பலம் பாருங்க இந்த விரலுக்கு, சோறு திங்க மாட்டா, இதுக்கு மட்டும் பலம். விடு. நான் மடக்கறேன் விடு. நீ போ புள்ள எழிலு, உன் வேலையைப் பாத்துட்டுப் போ. எதுக்கு அழறே? அன்னைக்கு அழலையே. 

ஏறுடி வண்டியில. என்ன? என்ன சொல்லணும்? சொல்லு. வாயைத் திறந்து சொல்லு. இப்பத்தானே ரோட்டுக்கே கேக்கற மாதிரி பேசினே? 

"அ..."

ம், அப்புறம்? 

"அ... அ..."

பாத்தீங்களா மதிவதனி அம்மா? நான் சொன்னா நீங்க நம்பலை. எங்கிட்ட இத்தனை மாசமா ஒரு தடவை கூடத் திக்காம இருந்த பிள்ளை. ஒரே ஒரு நிமிஷம் அவகிட்ட நின்னா, திரும்ப வந்துருச்சு.